பேச்சிக்குத் தண்ணீரை நிறுத்தியவன்

மகனே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமைத் தபாலில் வந்து சேர்ந்தது. வாசித்து முடித்ததும் அதைச் சுருட்டி அடுப்பில் போடப் போனேன். உன் அம்மா பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள். "பொண்ணு பாக்கப் போற புள்ள ஆசையா எழுதியிருக்கு. அதப் போயி அடுப்புல போடுறீங்களே, புத்தி கெட்டுப் போச்சா ஒங்களுக்கு?" என்றாள். புத்தி எனக்குப் பதின்மூன்று வருஷத்துக்கு முன்பே கெட்டுப்போனது. அது அவளுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. இந்தக் கடிதம் அதைப் பற்றியதுதான். உனக்கு மட்டும் எழுதினால் நீ மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவாய் என்பதால் உறையை ஒட்டாமல் எழுதுகிறேன். இந்தத் தேயிலைத் தோட்டத்தில் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள் எல்லோரும் இதைப் படிக்கலாம். படிக்கத் தெரியாதவர்கள் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளட்டும்.

நம் துரையின் நாய் சுதுவுக்குக் கருப்பையில் சீழ் பிடித்திருக்கிறது, ஞாயிறு காலை வந்து அறுத்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். நல்லது. டிஸ்பென்சரி டாக்டரையாவின் மகன் இன்று நிஜ டாக்டராகி, துரை பங்களாவுக்கே கத்தியோடு வருகிறான் என்றால் எந்த அப்பனுக்கு நெஞ்சு நிமிராது? எனக்கும் நிமிர்ந்தது, இரண்டாவது பத்தி வரைக்கும். மூன்றாவது பத்தியில் என்ன எழுதியிருக்கிறாய், ஞாபகம் இருக்கிறதா? "டிஸ்பென்சரியில் இருக்கும் குளோரோஃபார்மே போதும் அப்பா. ஈதர் என்றால் மயங்கவே நேரம் பிடிக்கும், எனக்கு இரண்டரை மணி ரயிலைப் பிடிக்க வேண்டும், சாயங்காலம் கண்டியில் பெண் வீட்டுக்காரர்கள் காத்திருப்பார்கள். சனிக்கிழமை காலையிலிருந்தே நாய்க்கு ஒன்றும் கொடுக்க வேண்டாமென்று அந்த ஆளுக்கு நன்றாகப் புரியும்படி சொல்லுங்கள். இன்னொரு பேச்சி கதை ஆகிவிடக்கூடாது." இப்படி எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு நாய் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற படம் வேறு. டேய், பெட்டை நாய் காலைத் தூக்காது. ஐந்து வருஷம் படித்த மிருக வைத்தியனுக்கு அதுகூடவா மறந்துபோகும்?

எனக்குக் கோபம் உன் படத்தின் மேல் இல்லை. "அந்த ஆள்" என்று எழுதினாய் பார், அதில்தான். அந்த ஆளுக்கு மாரிமுத்து என்று பெயர். சுதுவுக்கு உடம்பு சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தது நானும் இல்லை, துரையும் இல்லை. நாயைப் பார்த்துக்கொள்ளும் மாரிமுத்துதான். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் பேச்சிக்கும் அதையே முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். அது உனக்குத் தெரிந்திருக்க வழியில்லை, ஏனென்றால் உனக்குப் பேச்சி கதையைச் சொன்னவன் நான். நான் சொன்ன கதையில் மாரிமுத்து ஒரு மடையன்.

எப்படிச் சொல்வேன் என்று உனக்கே தெரியும். கலியாண வீடா, தீபாவளியா, கிளார்க் ஐயா வீட்டுப் பந்தலா, எங்கே நாலு பேர் கூடினாலும் "டாக்டரையா, அந்தப் பேச்சி கதைய எடுத்து விடுங்க" என்பார்கள். நானும் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மாரிமுத்துவாக மாறிவிடுவேன். வெள்ளைக்கார துரையின் நாய், பெயர் பெஸி, தொழிலாளர் லயத்து வாயில் விழுந்து பேச்சி ஆனது. ஆபரேஷனுக்கு முதல் நாள் சோறு போடாதே என்று டாக்டரையா சொன்னாராம். மடையன் மாரிமுத்து தண்ணீரையும் நிறுத்தினானாம். நாய் பனியை நக்கிவிடுமே என்று பங்களாப் புல்லையெல்லாம் சாக்கை எடுத்துத் துடைத்தானாம். இந்த இடத்தில் நான் குனிந்து குனிந்து தரையைத் துடைப்பேன். உன் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைப்பாள். அப்புறம் நாய்க்கு மூன்று நாள் ஒண்ணுக்கு வராமல் போய், வெள்ளைக்கார துரை வேலைக்குப் பேர் கூப்பிடுகிற காலைப் பெரட்டில் முந்நூறு ஆட்களை நிறுத்திவைத்துக்கொண்டு, எந்த மலையில் கொழுந்து, எந்த மலையில் கவ்வாத்து என்று கேட்பதற்குப் பதிலாக, "மாரிமுத்து! நாய் பேஞ்சுதா?" என்று கேட்பார். கங்காணிமார் சிரிப்பை அடக்க வானத்தைப் பார்ப்பார்கள். இவ்வளவு நன்றாக ஒரு பொய்யைச் சொல்ல எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அது பிறவியிலேயே வந்தது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். துண்டை இடுப்பில் கட்டாமல் சொல்கிறேன்.

அப்போது நீ ஹட்டனில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். ஒரு நாள் மாரிமுத்து டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றார். "ஐயா, பேச்சி ஓயாம தண்ணி குடிக்குதுங்க. கொடத்தக் கவுத்தாப்புல குடிக்குது, ஒடனே போயி ஒண்ணுக்கு இருக்குது. சோறு திங்க மாட்டேங்குது. பின்னால ஈ மொய்க்குதுங்க" என்றார். நான் அரிச்சந்திரன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "நாய்க்கு வைத்தியம் பாக்கவா என்னைய கம்பெனி வச்சிருக்கு?" என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். நாலு நாள் கழித்துப் பேச்சி எழுந்திருக்க முடியாமல் படுத்த பிறகுதான் துரை விடியற்காலையிலேயே டவுனுக்கு டெலிபோன் பண்ணி மிருக டாக்டரைக் கூப்பிட்டார். பறங்கி டாக்டர், வயசானவர், தொப்பியும் சுருட்டுமாக வருவார். டெலிபோனிலேயே நோயைச் சொல்லிவிட்டார். கருப்பையில் சீழ், அறுத்து எடுக்க வேண்டும், நாளைக் காலை வருகிறேன் என்றார். முதல் நாள் என்ன செய்ய வேண்டும் என்றும் சொன்னார்: ராத்திரி சாப்பாடு வேண்டாம், தண்ணீர் மட்டும் கேட்கிற அளவுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

துரை அதை ஒரு சீட்டில் எழுதி எனக்கு அனுப்பினார். இங்கேதான் நம் தோட்டத்து வழக்கத்தை நீ ஞாபகத்தில் வைக்க வேண்டும். பங்களாவிலிருந்து ஒரு உத்தரவு கிளம்பினால் அது கிளம்பிய நீளத்தில் லயத்துக்கு வந்து சேர்வதில்லை. வழியில் இருக்கிற ஒவ்வொருத்தனும் பயத்தில் ஆளுக்கு ஒரு முழம் சேர்ப்பான். ஏழு மணி என்று துரை சொன்னால் கணக்கப்பிள்ளை ஆறரை என்பார், கங்காணி ஆறு என்பார், பாவம் கொழுந்துக்காரி ஐந்தரைக்கே குளிரில் வந்து நிற்பாள். பேச்சிக்கும் அதே கதிதான். சீட்டை வாசித்தேன். மனுஷருக்கு மயக்கம் கொடுத்துப் பழகினவன் நான். வயிற்றில் தண்ணீர் இருந்தால் வாந்தி வரும், வாந்தி மூச்சுக்குழாயில் போகும், பழி என் மேல் வரும். ஆகவே பங்களாச் சமையற்காரர் சின்னப்பனைக் கூப்பிட்டு, "மத்தியானத்திலேருந்து சோறும் வேணாம், தண்ணியும் வேணாம்" என்று சொன்னேன். அவர் பங்களாவுக்குள் போவதற்குள் தன் முழத்தையும் சேர்த்துவிட்டார். "இப்பலேருந்தே ஒண்ணும் குடுக்காதடா, டாக்டரையா உத்தரவு" என்று மாரிமுத்துவிடம் சொல்லியிருக்கிறார். அப்போது காலை ஏழு மணி. மாரிமுத்துவும் தன் பங்குக்கு ஒன்று செய்தார். ஈரப்புல்லை நக்கிவிடக்கூடாதே என்று நாயைச் சிமெந்துத் தரையில் கட்டிவைத்தார். புல்லைத் துடைக்கவில்லை. புல்லைத் துடைத்தது நான் சேர்த்த மசாலா.

அவர் அன்றைக்கு மத்தியானம் என்னிடம் இன்னொரு தரம் வந்தார். அதை நான் எந்தக் கலியாண வீட்டிலும் சொன்னதில்லை. "ஐயா, நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு என்னையே பாக்குதுங்க. ஒரு செரட்டத் தண்ணி குடுக்கலாம்ங்களா?" என்று கேட்டார். நான் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சொன்னதச் செய்" என்றேன்.

மறுநாள் பத்து மணிக்கு ஆபரேஷன். பங்களாவின் பின்பக்கத்து அறையில் மேசை போட்டிருந்தார்கள். பறங்கி டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, "என்ன வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார். ஈதரும் இருக்கிறது, குளோரோஃபார்மும் இருக்கிறது என்றேன். "ஈதர் கொடு. இந்த நோயில் சிறுநீரகம் ஏற்கெனவே நொந்துபோயிருக்கும்" என்றார். அந்த நேரம் பார்த்துத் துரைசாணி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கையில் கைக்குட்டை, கண்ணில் தண்ணீர். ஈதர் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். நெடி அடிக்கும், நாய் திமிரும், ஊளையிடும், வாயிலிருந்து கோழை கோழையாக வழியும், மயங்குவதற்குள் நமக்கே மயக்கம் வந்துவிடும். குளோரோஃபார்ம் அப்படியில்லை. இனிப்பான வாசனை, நாலு மூச்சு, நாய் பூப்போலச் சாய்ந்துவிடும். பார்க்கிறவர்கள், ஆஹா என்ன கைராசி என்பார்கள். நான் துரைசாணியைப் பார்த்தேன். "ஈதர்ல நாய் ரொம்பக் கத்தும் சார். துரைசாணி அம்மா தாங்க மாட்டாங்க. குளோரோஃபார்ம் நல்லாப் பழக்கம் எனக்கு" என்றேன். டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். துரைசாணியும் தலையை ஆட்டினார். "சரி, சொட்டுச் சொட்டாகப் போடு, அதிகம் வேண்டாம்" என்றார் டாக்டர். மகனே, நன்றாகக் கேள். மேசையில் கிடந்த நாய்க்காக நான் அந்த மருந்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. நாற்காலியில் இருந்த அம்மாவுக்காகத் தேர்ந்தெடுத்தேன்.

பாதி வேலையில் பேச்சி காலை உதறியது. துரைசாணி "ஐயோ" என்றார். நான் சொட்டு என்பதை மறந்து சாய்த்து ஊற்றிவிட்டேன். நாயின் ஈறு சாம்பல் நிறமாகப் போனது. தொடை நரம்பில் விரலை வைத்துப் பார்த்த டாக்டர், "மயக்க முகமூடியை எடு, எடுத்துத் தொலை!" என்று கத்தினார். எடுத்தேன். எவ்வளவு நேரம் அப்படி நாடி அடங்கிக் கிடந்தது என்று எனக்குத் தெரியாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டியவன் நான்தான், நான் துரைசாணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பேச்சி பிழைத்து எழுந்தது. சீழ்ப்பை வாளியில் கிடந்தது. துரை என் முதுகில் தட்டினார். நான் அன்று வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் கோழி அடிக்கச் சொன்னேன்.

அதன் பிறகு மூன்று நாள் பேச்சிக்கு ஒரு சொட்டு ஒண்ணுக்கு வரவில்லை. பெரட்டுக் கதை உண்மைதான், துரை அப்படித்தான் கேட்டார். ஆனால் கங்காணிமார் வானத்தைப் பார்த்ததும் எல்லோரும் சிரித்ததும் முதல் நாள் மட்டும்தான். மாரிமுத்து நாயைக் குழந்தை மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு, அதற்குப் பழக்கமான மரம், கல், மதகு எல்லாவற்றுக்கும் தூக்கிப் போனார். இறக்கிவிட்டு, இடுப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "இருந்துரும்மா, கொஞ்சூண்டு இருந்துரு" என்று கெஞ்சுவார். நாய் வாந்தி எடுத்தது. வாயில் மூத்திர நாற்றம் அடித்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் மடியிலேயே செத்தது.

பறங்கி டாக்டர் வந்தார். நாயை அறுத்துப் பார்த்துவிட்டு வராந்தாவில் துரையிடம் விளக்கினார். இதை உன் புத்தகத்தில் வேறு பாஷையில் படித்திருப்பாய், ஆனால் எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. "சிறுநீரகம் என்பது மேட்டு லயத்துத் தண்ணீர்ப் பீலி மாதிரி" என்றார். "குழாயில் அழுத்தம் நன்றாக இருந்தால்தான் மேட்டுப் பீலியில் தண்ணீர் விழும். அழுத்தம் குறைந்தால் கீழே இருக்கிறவனுக்குக் கிடைக்கும், மேட்டில் முதலில் வறண்டு போகும். உடம்பில் தண்ணீர் இல்லாத நாயை மேசையில் போட்டு, இதயத்தை அமுக்குகிற மருந்தை மூக்கில் ஊற்றினால் ரத்தம் அந்தப் பீலிக்கு ஏறாது. கொஞ்ச நேரம் ஏறாவிட்டால் போதும், அப்புறம் நீ எவ்வளவு ஊற்றினாலும் அது திறக்காது. ஈதரும் புண்ணியவான் இல்லை. ஆனால் அது இப்படிக் கழுத்தைப் பிடித்து அமுக்காது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். மருந்தைப் பற்றிய குற்றத்தில் பாதி அவருக்கும் உண்டு என்று அவருக்கே தெரியும்; அதனால் அதை விட்டுவிட்டு, "தண்ணீரை எப்போது நிறுத்தினீர்கள்?" என்று கேட்டார்.

துரை மாரிமுத்துவைக் கூப்பிட்டார். "தண்ணி எப்ப நிப்பாட்டினாய்?"

"முந்தின நாள் வெள்ளன ஏழு மணிக்குங்க."

"யார் சொன்னது?"

மாரிமுத்து சின்னப்பனைப் பார்த்தார். சின்னப்பன் என்னைப் பார்த்தார். துரையும் என்னைப் பார்த்தார். அந்த வராந்தாவில் என்னை விட்டால் பார்க்க ஆள் இல்லை. நான் சொன்னேன்: "ராத்திரிச் சாப்பாட்டத்தான் நிப்பாட்டச் சொன்னேன் துரை. தண்ணியப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலைங்க." சின்னப்பனும் உடனே, "ஆமாங்க துரை, நானும் அதத்தான் சொன்னேன்" என்றார். மாரிமுத்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயா, மத்தியானம் நான் வந்து கேட்டேனுங்களே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலைப் பெரட்டில், முந்நூறு பேருக்கு முன்னால், துரை அவரைக் களத்தின் நடுவில் நிறுத்தி, நாயைக் கொன்றவன் என்று சொல்லி, வேலையிலிருந்து நீக்குகிற பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தை விட்டு வெளியே போகச் சொன்னார். புருஷனுக்குச் சீட்டுக் கிழிந்தால் பெண்சாதிக்கும் கிழிந்த மாதிரிதான், வீடும் போய்விடும். அவர் பெண்சாதி லெட்சுமி நல்ல கொழுந்துக்காரி. கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போனாள். நான் டிஸ்பென்சரிச் சன்னலில் நின்று பார்த்தேன். ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. அப்புறம் கிளார்க் ஐயா வீட்டு விருந்தில் யாரோ, "என்ன டாக்டரையா, நாய் பேஞ்சுதா?" என்று கிண்டல் பண்ண, நான் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அதுதான் மகனே, அந்தக் கதை பிறந்த இடம். நான் தூங்குவதற்காகப் பிறந்த கதை அது. அதைக் கேட்டுச் சிரித்து வளர்ந்தவன் இன்று கத்தி எடுத்துக்கொண்டு வருகிறாய்.

மாரிமுத்து அக்கரப்பத்தனைக்குப் போனார், மச்சான் லயத்தில் ஒட்டிக்கொண்டார். அங்கே பேர் பதியவில்லை. பூண்டுலோயாவுக்குப் போனார், அங்கேயும் பதிவில்லாத கைக்காசு வேலைதான். அந்தச் சமயத்தில்தான் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எல்லோரும் மனுப் போட்டுக்கொண்டிருந்தோம். நான் தோட்டத்துப் பதிவைக் காட்டினேன், எனக்குக் கிடைத்தது. அதனால்தான் நீ அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறாய். மாரிமுத்துவுக்குக் காட்ட ஒரு தோட்டத்துப் பதிவும் ஒழுங்காக இல்லை. மனுத் தள்ளுபடி. இந்தத் தோட்டத்தில் அம்மாமார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் வளர்ந்த மனுஷர், இன்றைக்கு இந்தியாவுக்கு அனுப்பப் போகிற பட்டியலில் இருக்கிறார். போன மாதம் படிவத்தை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தார். "சொந்த ஊருன்னு ஒரு கட்டம் இருக்குங்கய்யா, அதுல என்னத்த எழுதுறது?" என்று கேட்டார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

இப்போதிருக்கும் கண்டிக்காரத் துரை வந்த பிறகுதான், நாய் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டுமென்று யாரோ சொல்லி, அவர் திரும்பி வந்தார். வந்த அன்றைக்கு என்னைப் பார்த்து, "சௌக்கியங்களாய்யா?" என்றார். என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சௌக்கியமாக இருந்திருக்கும். இந்த நாய் செத்தால் என்ன ஆகும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. துரை மாறினாலும் பெரட்டுக்களம் அதே களம்தான். ஏற்கெனவே ஒரு நாயைக் கொன்றவன் என்று பெயர் வாங்கியவரிடம் இரண்டாவது நாயும் செத்தால், குளோரோஃபார்மைப் பற்றி எவன் கேட்பான்? நீ இரண்டரை மணி ரயிலில் போயிருப்பாய். நாய்க்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும், நீ என்ன செய்துவிட்டுப் போனாய் என்று.

ஆகையால் சொல்கிறேன். கோபத்தோடுதான் சொல்கிறேன், நீ கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. டிஸ்பென்சரிக் குளோரோஃபார்ம் போத்தலை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டேன். உன்னிடம் என் காலத்தில் இல்லாத புது மருந்து ஏதாவது இருந்தால், அதையும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு எடு: இது மேட்டுப் பீலிக்குத் தண்ணீரை ஏறவிடுமா, விடாதா? பதில் தெரியாவிட்டால் ஈதர். பங்களா அறையில் கணப்பு எரிகிறது, அங்கே ஈதரைத் திறந்தால் நாயோடு துரையும் வெந்துபோவார். அதனால் இங்கே டிஸ்பென்சரியில், அடுப்பில்லாத அறையில். திமிரட்டும், ஊளையிடட்டும், யாருக்குத் தாங்கவில்லையோ அவர்கள் வெளியே போகட்டும். கத்தியை எடுக்குமுன் தோலுக்கடியில் உப்புத் தண்ணீர் ஏற்று, கை சூட்டுக்குச் சூடாக்கி ஏற்று. நாடியை ஒருவன் விடாமல் பிடித்திருக்கட்டும். அந்த ஒருவன் நான் இல்லை, எனக்கு அந்த வேலை கொடுக்காதே. முடிந்ததும் நாயைக் கம்பளியில் சுற்றி, அது ஒண்ணுக்கு இருக்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திரு. பெண் வீட்டுக்காரர்களுக்குத் தந்தி கொடுத்துவிட்டேன், அடுத்த ஞாயிறு வருகிறோம் என்று. ஒரு நாயின் மூத்திரத்துக்காகக் காத்திருக்கும் மாப்பிள்ளை வேண்டாமென்று அவர்கள் சொன்னால், அந்தப் பெண் நமக்கு வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தை நான் எவன் மூலமும் சொல்லி அனுப்பவில்லை. மாரிமுத்துவை நேரே கூப்பிட்டு, கேட்கக் கேட்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். "மெய்யாலுமாய்யா?" என்று கேட்டார். ஆபரேஷன் காலையிலும் கொடுக்கலாமா என்று கேட்டார். கடைசி வாய் எப்போது என்று மகன் வந்து சொல்வான், அதுவரைக்கும் கிண்ணம் காலியாக இருக்கக்கூடாது என்றேன். பிறகு, உட்காருங்க மாரிமுத்து என்று சொல்லி, இதுவரைக்கும் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் பெஞ்சின் நுனியில், சுதுவைக் காலடியில் படுக்கவைத்துக்கொண்டு கேட்டார். புல்லைத் துடைத்த இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்தக் கத எனக்குத் தெரியும்ங்கய்யா. நான் அக்கரப்பத்தனைக்குப் போயிச் சேந்த கொஞ்ச நாள்லயே கதையும் வந்து சேந்துருச்சு. லயத்துப் புள்ளைக என்னையக் கண்டா, 'மாமோய், புல்லத் தொடச்சாச்சா?'ன்னு கேக்கும். எம்மகளயும் பள்ளிக்கொடத்துல கேட்டுச்சாம். அதுலேருந்து அது பள்ளிக்கொடம் போகல."

நான் மீதியைப் படித்தேன். வராந்தாவில் நான் சொன்ன பொய்யையும் படித்தேன். நடுவில் இரண்டு தரம் தண்ணீர் குடித்தேன். முடித்ததும் மன்னிச்சுக்கங்க மாரிமுத்து என்றேன். அவர் குனிந்தார். நாயின் காதில் இருந்த உண்ணியைப் பிடுங்கி நகத்தில் நசுக்கினார்.

"காயிதத்துல எழுதிட்டீங்க, சரி. ஒங்க மகன் படிப்பாரு. பெரட்டுல நின்னுக்கிட்டிருந்தாங்களே முந்நூறு பேரு, அவுங்களுக்கு யாருங்க படிச்சுக் காட்டுறது?"

"தொரை முன்னாலயா?" என்றேன்.

"அன்னைக்கும் தொரை முன்னாலதானுங்களே" என்றார். எழுந்து நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கும்பிடவில்லை. அவர் என்னைக் கும்பிடாமல் போனது இதுதான் முதல் தடவை.

நாளைக் காலை ஆறு மணிக்குப் பெரட்டு. நான் போகிறேன். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுமுன் நடுக்களத்தில் நின்று சொல்லப்போகிறேன். யாராவது கேட்டால் இந்தக் கடிதத்தின் நகலைக் கையெழுத்துப் போட்டுத் துரையிடம் கொடுப்பேன், மாரிமுத்து எந்த ஆபீசில் வேண்டுமானாலும் காட்டட்டும். உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்கு நான் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடச் சொன்னதிலேயே சந்தேகம். பென்ஷனுக்கு இரண்டு வருஷம் பாக்கி இருக்கிறது. நாளை மத்தியானம் இந்த டிஸ்பென்சரிச் சாவி என் இடுப்பில் இருக்குமா இருக்காதா என்று எனக்குத் தெரியாது. நீ ஞாயிறு வேண்டாம், சனிக்கிழமை காலை ரயிலுக்கே வந்துவிடு. ஈதரை அங்கிருந்தே எடுத்து வா.

அப்பா